கிடைக்கு இடம் தருவோர் நாய்க்கும் இடம் தர வேண்டும்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து களத்து வேலை ஓய்ந்ததும், ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலிருந்து செம்மறியாட்டு மந்தைகள் காவிரிப் பாசனப் பகுதியை நோக்கிப் புறப்படுகின்றன. மந்தை வந்து சேருவதற்கு முன்பே கீதாரி ஊர் ஊராக நடந்து, கிடை போட வயல் பேசி வைக்கிறார். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கும் வரை, இந்த வெளி வயல்களே ஆடுகளுக்கும் கிடைக்காரர்களுக்கும் வீடு.

அந்தப் பேச்சு இப்போதெல்லாம் பல ஊர்களில் இப்படி நடக்கிறது.

"ஐயா, நானூறு உருப்படி இருக்கு. உங்க மேலத்தாக்குல ரெண்டு ராத்திரி அடைச்சுக்கலாமா?"

"அடைச்சுக்குங்க கீதாரி. மண்ணுக்கும் நல்லது. ஆனா நாயைக் கொண்டு வராதீங்க. ராத்திரி பூரா கொலைச்சா ஊர்க்காரன் என்னைத்தான் கேப்பான்."

கேட்பதற்குச் சிறிய நிபந்தனை. ஆனால் கீதாரிக்கு அது இடம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். ஆடு வேண்டும், நாய் வேண்டாம் என்பது, களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல்காரன் மட்டும் வரக் கூடாது என்பதைப் போன்றது. இந்த நிபந்தனையால் கிடை ஊரைத் தாண்டிப் போய்விட்டால், நட்டம் கீதாரிக்கு மட்டுமன்று, நிலத்துக்குச் சொந்தக்காரருக்கும்தான்.

கிடை தரும் உரம்

கிடையின் மதிப்பை டெல்டா விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. நன்கு மக்கிய தொழுஉரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். ஆட்டு எருவில் சராசரியாகத் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1 சதவீதம், சாம்பல் சத்து 2 சதவீதம் உள்ளது. அதாவது ஒரு டன் ஆட்டு எருவில் உள்ள தழைச்சத்து 30 கிலோ. இதை யூரியாவாகக் கணக்கிட்டால் சுமார் 65 கிலோ. இன்று விற்கப்படும் 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஒன்றரை மூட்டை. இதோடு யூரியா தராத மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கிடைக்கின்றன. மண்ணில் கரிமப் பொருளும் சேருகிறது.

கொட்டகையில் கூட்டி அள்ளிய புழுக்கையை வாங்கிப் போடுவதற்கும் கிடை போடுவதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கொட்டகையில் ஆட்டின் சிறுநீர் வீணாகிறது. கிடையில் புழுக்கையும் சிறுநீரும் ஒருங்கே வயலில் விழுகின்றன. உரத்தைச் சுமக்கும் கூலியும் வண்டி வாடகையும் மிச்சம். கிடை பெயர்ந்ததும் காலம் தாழ்த்தாமல் மேலாக உழுது மண்ணோடு கலந்துவிட்டால், தழைச்சத்து காற்றில் போவதும் குறையும். இத்தனை நன்மையும் ஓர் இரவுக் காவலை நம்பித்தான் இருக்கிறது.

இரவில் நாய் செய்யும் வேலை

கிடைக்குச் சுற்றுச்சுவர் இல்லை. கொங்கு நாட்டுப் பட்டியைப் போல் முள்வேலியும் படலும் அடைத்த இடமும் அன்று. வெட்ட வெளியில் ஆடுகள் நடுவில் படுக்கின்றன. ஆட்கள் ஓரத்தில் படுக்கிறார்கள். குட்டிகள் கூட்டுக்குள் இருக்கின்றன. பகல் முழுவதும் வெயிலில் மந்தையோடு நடந்தவர்கள் விடிய விடிய விழித்திருக்க முடியாது. நள்ளிரவுக்கு மேல் உண்மையான காவல் நாயினுடையது.

நரி வந்தாலும், திருடன் வந்தாலும், ஊர்த் தெருநாய்க் கூட்டம் வந்தாலும் முதலில் உணர்வது அதுதான். இவற்றுள் இன்று அதிகம் அஞ்ச வேண்டியது தெருநாய்க் கூட்டம். காங்கயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இறந்த ஆடுகளுடன் போராட்டத்தில் இறங்கியதும் 2024, 2025 ஆண்டுகளின் செய்திகள். வேலி அடைத்த பட்டிக்கே அந்தக் கதி என்றால், வேலியில்லாத கிடையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கடிபட்டு இறப்பவை போக, மிரண்டு ஓடி வாய்க்காலில் விழுபவையும், சினை கலைபவையும் உண்டு.

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். தெருநாய் வேறு, கிடை நாய் வேறு. தெருநாய்க்கு எசமானன் இல்லை, கணக்கு இல்லை, ஊசி போட்டதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கிடை நாய் குட்டிப் பருவத்திலிருந்தே ஆட்டுக்குட்டிகளோடு வளர்வது. மந்தையைத் தன் சொந்தமென்று கருதுவது. கீதாரியின் கஞ்சியைக் குடித்து அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது. தெருநாயின் மேல் உள்ள கோபத்தைக் கிடை நாயின் மேல் காட்டினால், அந்தத் தெருநாய்க்கே வழி திறந்துவிட்டதாகும்.

ஊராரின் அச்சமும் நியாயமே

அதற்காக, நாயைக் கண்டு அஞ்சும் ஊராரைக் குறை சொல்லிவிட முடியாது. அவர்களுடைய காரணங்கள் நான்கு. ஒன்று, வெறிநோய். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மனிதருக்கு வரும் இந்த நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் வழியாகவே வருகிறது. அறிகுறி தெரிந்த பின் இதற்கு மருந்தில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் அயலூர் நாயைக் கண்டு தயங்குவதில் வியப்பில்லை.

இரண்டாவது, இரவுச் சத்தம். ஊர் நாயும் கிடை நாயும் ஒன்றையொன்று கண்டுவிட்டால் விடியும் வரை ஓயாது. மூன்றாவது, அவிழ்த்துவிட்ட நாய் கோழியைத் துரத்துவதும் கன்றை மிரட்டுவதும். நான்காவது காரணத்தை ஊரார் அதிகம் அறிவதில்லை, அது நாடாப்புழு.

நாயின் குடலில் வாழும் சிலவகை நாடாப்புழுக்களின் முட்டைகள் நாயின் கழிவோடு புல்லில் விழுகின்றன. அந்தப் புல்லை ஆடு மேயும்போது, ஒருவகைப் புழு ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. அப்படிப்பட்ட ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, மெலிந்து இறக்கிறது. இன்னொரு வகை, ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி கட்டுகிறது. கைச்சுத்தம் இல்லாவிட்டால் அதே கட்டி மனிதருக்கும் வரும். இறந்த ஆட்டின் தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடும்போது புழு மறுபடியும் நாயின் குடலை அடைகிறது. ஆட்டைக் காக்கும் நாயே ஆட்டுக்கு நோய் தருவதாக இப்படித்தான் ஆகிறது.

இந்த நான்கு காரணங்களுக்கும் தீர்வு உண்டு. அவற்றுள் எதற்கும் நாயை விட்டுவிட்டு வருவது தீர்வு ஆகாது.

கீதாரிகள் செய்ய வேண்டியவை

முதல் பொறுப்பு நாய்க்கு உடையவரைச் சேர்ந்தது. மந்தை புறப்படுவதற்கு முன், மார்கழி மாதத்திலேயே எல்லா நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் ஊக்க ஊசி. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. ஊசி போட்ட சீட்டைப் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, ரேஷன் அட்டையைப் போலவே கையோடு கொண்டு செல்ல வேண்டும். வயல் பேசும்போது அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினால், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரின் யோசனைப்படி நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் சேர்ந்த மாத்திரையே ஏற்றது. ஆட்டுக்கு மருந்து ஊற்றிவிட்டு நாயை மறப்பது பாதி வேலை. இறந்த ஆட்டின் உள்ளுறுப்புகளையும் தலையையும் நாய்க்கு எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

ஊருக்குள் மந்தை கடக்கும்போது நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும். பகலில் கிடையருகே நிழலில் கட்டித் தண்ணீர் வைக்க வேண்டும். இரவில் மட்டும் அவிழ்த்துவிடலாம். நாய் மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆதலால் சித்திரை வெயிலில் நிழலில்லாத இடத்தில் கட்டிப் போடுவது அதைக் கொல்வதாகும். கழுத்தில் நிறத்துணியோ பட்டையோ கட்டியிருந்தால், இது உடையவருள்ள நாய் என்று ஊரார் தெரிந்துகொள்வார்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேண்டாத குட்டிகளையும் கிழட்டு நாயையும் போகிற வழியில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் நிற்க வேண்டும். இந்த ஆண்டு விட்டுச் சென்ற குட்டிதான் அடுத்த ஆண்டு தெருநாய்க் கூட்டத்தோடு கிடைக்கு வருகிறது. தேவைக்கு மேல் நாய் வைத்துக்கொள்ளாமல், பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிடுவதே முறை.

நிலத்துக்காரர் கவனிக்க வேண்டியவை

கிடைக்குத் தரும் வயலைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிச் சச்சரவைத் தவிர்க்கலாம். குடியிருப்பிலிருந்து குறைந்தது முந்நூறு மீட்டர் தள்ளியுள்ள வயலே நல்லது. தார்ச்சாலை ஓரம் கூடாது. வண்டி விளக்கு பட்டு ஆடு மிரளும், நாய் குறுக்கே ஓடி அடிபடும். தண்ணீர் தேங்காத மேட்டுப்பாங்கும், பக்கத்தில் போர்க்குழாயோ குளமோ இருப்பதும் அவசியம். நெல் தரிசில் உளுந்தும் பயறும் நிற்கும் வயல்களை ஒட்டிக் கிடை அமைத்தால் மேய்ச்சல் தகராறு வரும். ஆகவே பயறு அறுவடையான தாக்குகளையோ, பயறு விதைக்காத தாக்குகளையோ ஒதுக்க வேண்டும்.

கிடை வருமுன் நிலத்துக்காரர் மறவாமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எலிக்குத் துத்தநாக பாஸ்பைடு கலந்த நஞ்சுணவு எந்த வரப்பில் வைக்கப்பட்டிருக்கிறது, பன்றிக்காகப் போட்ட மின்வேலி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கீதாரியிடம் காட்டிவிட வேண்டும். மிச்சமுள்ள நஞ்சுணவை எடுத்துப் புதைத்துவிடுவது இன்னும் நல்லது. நஞ்சுணவைத் தின்ற நாய் சில மணி நேரத்திலேயே இறந்துபோகக் கூடும். ஆடு தின்றாலும் அதே கதிதான். வரப்போர மின்வேலி நாய்க்கு மட்டுமன்றி, இருட்டில் நடக்கும் ஆளுக்கும் எமன். அனுமதியின்றி அதில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதே குற்றம்.

வேண்டுமென்றே கிடை நாய்க்கு விஷம் வைப்பவர்களும் அங்கங்கே இருக்கிறார்கள். கொடுமையான முறையில் விலங்கைக் கொல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாயை இழந்த கிடை அடுத்த நாளே அந்த ஊரை விட்டுப் போய்விடும். செய்தி மற்றக் கீதாரிகளுக்கும் பரவும். பல ஆண்டுக்கு அந்தப் பக்கம் ஆடு வராது.

பக்கத்து வயல்காரர்களுக்கு, இன்ன நாள் கிடை வருகிறது, இத்தனை நாய் இருக்கிறது, ஊசி போட்டவை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வரும்போது, கட்டியுள்ள நாயின் அருகில் போகக் கூடாது, கல்லெறியக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்ப வேண்டும். இத்தனைக்குப் பிறகும் எந்த நாயாவது கடித்துவிட்டால், கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் தடவுவதும், மந்திரிப்பதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். வெறிநாய் கடித்த ஆட்டையும் மாட்டையும்கூடத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கிடை போடக் கூடாத இடங்கள்

நாயோடு தங்க எல்லா இடமும் ஏற்றதன்று. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைச் சரணாலயம் வெளிமான்களின் இருப்பிடம். அதன் எல்லையை ஒட்டிக் கிடை போட்டால் நாய் மானைத் துரத்தும். பறவைகள் கூடு கட்டும் ஏரிக் காப்பிடங்களும் அப்படியே. நாயின் நோய் காட்டு விலங்குக்கும் பரவக்கூடியது; 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் பல இறந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி அவற்றில் காணப்பட்டது. தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தடை விதித்திருக்கிறது. ஆகவே மலையடிவாரக் கிடைகளும் காட்டெல்லையை விட்டு நன்கு விலகி அமைய வேண்டும்.

காட்டுக்குள் போகக் கூடாது என்பது சரியே. ஆனால் காட்டிலும் இடமில்லை, புறம்போக்கிலும் இடமில்லை, வயலிலும் நாய் இருந்தால் இடமில்லை என்றால், மந்தை எங்கேதான் படுப்பது?

ஊராட்சிக்கு ஒரு மந்தைவெளி

முற்காலத்தில் இந்தக் கேள்விக்கு ஊரிடமே விடை இருந்தது. ஊர்தோறும் மந்தை என்று ஒரு பொது இடம் இருந்தது. சென்னை நகரத்துக்குள்ளேயே மந்தைவெளி என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பது அதன் அடையாளம். மேய்ச்சல் புறம்போக்குகள் பல, வீட்டுமனைகளாகவும் கட்டடங்களாகவும் கருவேலங்காடாகவும் மாறிய பிறகு, வழிநடையில் ஓரிரவு தங்கக்கூட மந்தைக்கு இடமில்லாமல் போயிற்று.

மந்தைகள் கடந்து செல்லும் வழியில் உள்ள ஊராட்சிகள், எஞ்சியுள்ள புறம்போக்கில் ஓர் ஏக்கரையாவது கிடைக்கென ஒதுக்கலாம். ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு நிழல் மரம், நாய் கட்ட நான்கு முளை; இவை போதும். பெரிய செலவு ஒன்றுமில்லை. அங்கே சேரும் எருவை ஏலம் விட்டால் ஊராட்சிக்கு வருமானமும் உண்டு. வயல் பேசி முடியும் வரை கீதாரி அங்கே தங்கலாம். நாயைப் பார்த்து, சீட்டைப் பார்த்து, விவசாயி இசைவு தரலாம்.

கால்நடைத் துறையின் பங்கும் இதில் உண்டு. தடுப்பூசி முகாம்கள் பெரும்பாலும் உலக விலங்குவழி நோய்கள் நாளான ஜூலை 6-ஐயும், உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ஐயும் ஒட்டியே நடைபெறுகின்றன. நகரத்து வளர்ப்பு நாய்களுக்கு அது பொருந்தும். ஊர் ஊராகப் பெயரும் கிடைக்காரர்களுக்கோ, மந்தை சொந்த ஊரில் நிற்கும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழைக்காலமே தோதானது. அந்தப் பருவத்தில் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் கீதாரி ஊர்களிலேயே முகாம் நடத்தி, ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே நாளில் ஊசி போட்டுச் சீட்டு வழங்கினால் வேலை எளிதாக முடியும். ஊரில் உள்ள நாய்களில் எழுபது சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலகம் ஏற்ற அளவுகோல். வழியில் ஆடோ நாயோ நோயுற்றால் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம் என்பதையும் ஒவ்வொரு கீதாரிக்கும் சொல்லித்தர வேண்டும்.

யூரியாவும் டிராக்டரும் இருக்கும்போது கிடை எதற்கு, அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று சொல்வோரும் உண்டு. மண்ணில் கரிமச் சத்து குறைந்துவரும் நிலையில், எருவை வயலுக்கே நடத்திக் கொண்டு வந்து இறக்கும் முறை வேறொன்று இல்லை. வீட்டு மாடு குறைந்து தொழுஉரம் கிடைக்காத டெல்டா ஊர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஒருமுறை மந்தையை விற்றுவிட்டு நகரத்துக்குக் கூலிக்குப் போன கீதாரி வீட்டுப் பிள்ளை, திரும்ப ஆடு மேய்க்க வருவது அரிது. கிடை போடும் குடும்பம் ஒன்று குறைந்தால், அதை நம்பியிருந்த வயல்களுக்கு எரு நின்றுபோகும்.

ஆகவே வரும் தை மாதத்தில் கீதாரி வந்து வாசலில் நிற்கும்போது, நாய் வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக விவசாயிகள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். நாய் எத்தனை? ஊசிச் சீட்டு இருக்கிறதா? பகலில் கட்டி வைப்பீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால், ஊரைத் தள்ளிய நல்ல தாக்கைக் காட்டி, எலி மருந்து வைத்த வரப்பையும் காட்டி, நாயோடு கிடையை அடைக்கச் சொல்வதே நிலத்துக்கு நல்லது.